கோவளத்துத் தனவான்கள்

கோவளம் கடற்கரையில் பொருள் தேடி வந்து இறங்கியவர்களின் சரித்திரத்தை எவரேனும் முறைப்படி எழுத முற்பட்டால், அது ஒரு மீனவ கிராமத்தின் சரித்திரமாக மட்டும் நின்றுவிடாது. ஆர்க்காட்டு நவாப் சதத்துல்லா கான் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே ஒரு துறைமுகப் பட்டினத்தை உண்டாக்கித் தம் பெயரையே அதற்குச் சூட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில், இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆஸ்டெண்டு துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்த வணிகர்கள் இங்கே பண்டசாலை அமைத்தார்கள். 1722-இல் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸிடம் அவர்களுடைய கம்பெனி பெற்ற சாசனம், இங்கிலாந்தும் ஹாலந்தும் கொண்ட பொறாமையின் விளைவாக, 1727-லேயே நிறுத்திவைக்கப்பட்டது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் இங்கிருந்த கோட்டையைப் பிடித்தார்கள். 1752-இல் அவர்களிடமிருந்து கிளைவ் அதைப் பறித்தான். பிறகு கோட்டையே தகர்க்கப்பட்டது. அது நின்ற இடத்தில் இன்று ஒரு சொகுசு விடுதி இருக்கிறது. இவ்வளவு பேர் இவ்வளவு ஆசையோடு இந்த மணலில் கால் வைத்தும், பொருளோடு வந்தவர்களில் இந்த ஊர் இன்றளவும் பெயர் சொல்லி நினைத்துக்கொண்டிருப்பது, இங்கிருந்து எதையும் எடுத்துப்போகாமல் கொடுத்துவிட்டுப் போன ஒரு வியாபாரியை மட்டுமே என்பது என் எண்ணம்.

அவருடைய பெயர் ஜான் டி மான்டி. போர்த்துக்கீசிய வமிசத்தவர், சென்னப்பட்டணத்தில் பெரிய வியாபாரி. கோவளத்திலே கார்மேல் மாதாவுக்கு 1808-இல் கோயில் எழுப்பியவர் அவர்தான். 1821-இல் காலமானபோது அவருடைய சரீரம் அதே கோயிலில்தான் அடக்கம் செய்யப்பட்டது. எனக்கு இந்த விவரங்களெல்லாம் பின்னால் தெரிந்தவை. பாலியத்தில் நான் அறிந்ததெல்லாம் என் ஆயா சொன்ன 'கோயில் கட்டின தொரை' மாத்திரமே.

ஆண்டுதோறும் ஜூலை மாதம் கார்மேல் மாதா திருநாளுக்காக அம்மா எங்களை அழைத்துக்கொண்டு கோவளத்துக்குப் பிறந்தகம் வருவாள். கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது கிடையாது. கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே திரும்பி, இருபுறமும் உப்பளங்களில் வெள்ளை வெள்ளையாகக் குவித்திருக்கும் உப்பு வெயிலில் கண்ணைக் கூச, கழிமுகத்துக் காற்று முகத்தில் வந்து மோத, ஊருக்குள் நுழைய வேண்டும். கொடியேற்றம், நவநாள், பதினாறாம் தேதி பெரிய பூசை, இரவு தேர் என்று ஊர் முழுவதும் மெழுகுவர்த்தி வாசனையும் கருவாட்டு வாசனையும் ஒன்றாய்க் கலந்து நிற்கும் அந்த நாட்களில், ஆயா மட்டும் தன் வியாபாரத்தை நிறுத்தமாட்டாள். விடியற்காலையில் கட்டுமரங்கள் கரையேறும் நேரத்துக்குக் கூடையோடு போய் ஏலத்தில் நிற்பாள். நெத்திலியோ, கவலையோ, சங்கராவோ, அன்றைக்குக் கைக்கு எட்டுகிற விலையில் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு திருப்போரூர்ப் பக்கம் தெருத்தெருவாக நடந்து விற்றுவிட்டு, பொழுது சாய்கிற வேளையில் திரும்புவாள்.

விடுமுறை நாட்களில் நானும் அவளோடு கரைக்குப் போவதுண்டு. அங்கே நான் கண்ட காரியம் ஒன்று உண்டு. கூடையை நிரப்பித் தலைச்சும்மாட்டை முறுக்கிக்கொண்டதும், தூக்கிவிட ஆள் கூப்பிடுவதற்கு முன்பாக, அவள் கண்கள் கரை நெடுகிலும் ஒருமுறை சுற்றிவரும். படகுகளுக்கு அப்பால், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கேட்கவும் கூச்சப்பட்டு, போகவும் மனமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் விதவைகளும், கடலுக்குப் போகத் திராணியற்ற கிழவர்களும் யாராவது இருப்பார்கள். 'கறிக்கு எடுத்துக்க' என்று இரண்டு கைகளாலும் அள்ளி அவர்கள் மடியில் போடுவாள். அள்ளுவது மேலாக இருக்கும் நொய்யும் நசுங்கலும் அல்ல. கூடைக்குள் கையை ஆழ விட்டு, விரல்களால் துழாவி, முழுசாய் நிற்கும் மீனாகத்தான் எடுப்பாள். செதிள்கள் அவள் முழங்கை வரை ஒட்டிக்கொண்டு மினுங்கும். அந்த மீனுக்கு அவள் காசு கொடுத்திருக்கிறாள். அந்தக் காசும் பல சமயம் வட்டிக்கு வாங்கியது. நான் ஒருநாள், "ஆயா, இது நம்ப துட்டுல வாங்குனதுதானே?" என்று கேட்டேன்.

"துட்டு நம்புளுதுதான் கண்ணு. மீனு நம்ம வூட்டுல மொளைச்சுதா? சாமி கடல்ல உட்டது. புடிச்சவனுக்குக் கூலி குடுத்தோம், அவ்ளோதான்" என்றாள்.

எழுதப் படிக்கத் தெரியாத அவள் சொன்ன அந்த வார்த்தைகளுக்கு நிகரான ஒரு வாதத்தைப் பிற்காலத்தில் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து அர்ச். பாசிலியாரின் பிரசங்கம் ஒன்றில் வாசித்தபோது நான் அடைந்த வியப்பு இன்னதென்று சொல்லி முடியாது. நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டுச் செசரையா நகரத்தில் கொடிய பஞ்சம் வந்தபோது, தம் பிதிரார்ஜித ஆஸ்தியை விற்றுக் கஞ்சித்தொட்டி வைத்த அந்த மகான், தனவான்களை நோக்கிச் செய்த உபதேசத்தின் சாரம் இது: நீ பூட்டி வைத்திருக்கும் ரொட்டி பசித்தவனுடையது, பெட்டியில் மடித்து வைத்த வஸ்திரம் உடுக்க இல்லாதவனுடையது, உபயோகமின்றி உளுத்துப்போகும் பாதரட்சை வெறுங்காலோடு நடப்பவனுடையது, ஆகவே நீ அவற்றைக் கொடுக்கும்போது உன்னுடையதை அல்ல, அவனுடையதையே கொடுக்கிறாய். தர்மம் என்பது கொடுப்பவனுடைய பெருந்தன்மை என்று நினைத்துப் பழகிய நம்மவர்க்கு இது கடினமான போதகம். ஆனால் கிறிஸ்துவின் போதனையைப் பாதியில் நிறுத்தாமல் அது போகிற தூரம் வரைக்கும் பின்தொடர்கிறவன் வந்து சேருகிற இடம் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாசிலியார் அந்தப் பிரசங்கத்துக்கு ஆதாரமாகக் கொண்டது லூக்காவின் சுவிசேஷம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவானின் உவமை. நவநாள் ஒன்றில் எங்கள் பங்குச் சாமியார் அதைத் தமிழில் விளக்கிச் சொன்னது எனக்கு இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது. பூசை முழுவதும் லத்தீனில் நடந்த காலம் அது. பிரசங்க நேரத்தில்தான் ஜனங்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சாமியார் ஜனங்களைப் பார்த்து, அந்த மனிதன் செய்த குற்றம் என்ன என்று கேட்டார். அவன் திருடவில்லை, வேலைக்காரன் கூலியைப் பிடித்ததாகச் சொல்லப்படவில்லை, நிலம் அமோகமாக விளைந்தது, களஞ்சியம் போதவில்லை, இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான், எந்தச் சம்சாரியும் நினைக்கக்கூடியதுதான். ஆனால் அந்தக் கதையில் அவன் பேசுகிற பேச்சு முழுவதையும் கவனியுங்கள் என்றார் அவர்: மனைவியோடு பேசவில்லை, பிள்ளைகளோடு பேசவில்லை, அண்டை அயலாரோடு பேசவில்லை, தன் ஆத்துமாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தன்னோடு தானே பேசுகிறான். அன்றிரவே அவனுடைய உயிர் கேட்கப்படும்போது, சேர்த்ததெல்லாம் யாருக்குப் போகும் என்று கடவுள் கேட்கிற கேள்விக்கு, அவனிடத்தில் சொல்ல ஒரு பெயர்கூட இல்லை. லோபத்தின் தண்டனை சாவுக்குப் பிறகு வருவது மட்டுமல்ல. உயிரோடு இருக்கையிலேயே மனிதனை அது தனியனாக்கிவிடுகிறது என்று அவர் முடித்தபோது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆயா, கரையில் வட்டிக்கு விடும் ஒரு மனிதர் இருந்த திசையைத் தவறியும் பார்க்காமல், மேலே மாதா சொரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரியாதையை நான் பின்னால்தான் அறிந்துகொண்டேன்.

அந்த உவமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்; பலரும் அதைக் கவனிப்பதில்லை. கிறிஸ்துநாதர் அதைத் தாமாகச் சொல்லத் தொடங்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவன், தன் சகோதரன் தனக்குச் சேரவேண்டிய பாகத்தைப் பிரித்துக் கொடுக்கும்படி சொல்ல வேண்டும் என்று கேட்கிறான். அவர் பாகம் பிரிக்கிற மத்தியஸ்தராக இருக்க மறுத்துவிட்டு, இந்தக் கதையைச் சொல்லுகிறார். கேட்டவன் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். நியாயமான உரிமையைக் கேட்கிற குரலிலேயே பேராசை குடியிருக்கக்கூடும் என்று அவர் கண்டதுதான் என்னை நெடுங்காலம் யோசிக்க வைத்திருக்கிறது. சின்னப்பரும் பேராசையை விக்கிரக ஆராதனையோடு வைத்து எண்ணுகிறார். இது சாதாரணக் கண்டனம் அன்று. களவையும் கொலையையும்விட நெருக்கமாகக் கடவுளின் ஸ்தானத்தில் வந்து உட்காரக்கூடியது பணம் என்பதாகவே அதற்கு அர்த்தம்.

கோயில் கட்டின தொரையிடம் திரும்புகிறேன். சென்னையில் பிரான்சிஸ் லத்தூர் என்பவருடைய பெயரால் தொடங்கி, பிறகு அர்பத்நாட், டி மான்டி கம்பெனி என்று வழங்கிய வியாபார ஸ்தாபனத்தில் அவர் கூட்டாளி. பட்டணத்தில் அவருக்கு நிலமும் மாளிகையுமாகத் திரண்ட ஆஸ்தி இருந்தது. அதில் பெரும்பகுதியை, ஆழ்வார்ப்பேட்டையில் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் டி மான்டி காலனி நிலம் உட்பட, கத்தோலிக்கத் திருச்சபையின் தர்ம காரியங்களுக்கென்று அவர் விட்டுச் சென்றார். அவர் போன பிறகு, அந்த ஸ்தாபனம் அர்பத்நாட் கம்பெனியாகி, பாங்கும் நடத்தி, தென்னிந்தியாவில் அசைக்க முடியாதது என்று பெயர் வாங்கியது. பென்ஷன்காரர்களும், விதவைகளும், சிறு சம்பளக்காரர்களும் தங்கள் ஆயுட்காலச் சேமிப்பை அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி, கண்மூடித்தனமான பேரங்களில் பணத்தைப் போட்டுக்கொண்டே போனார். 1906 அக்டோபர் 22-ஆம் நாள் அர்பத்நாட் பாங்கு கதவைச் சாத்தியது. அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. நம்பிப் பணம் போட்டவர்களுக்குக் கிடைத்தது கண்ணீர். அந்தச் சர்வநாசத்தின் மத்தியில்தான், நம்மவர்க்கு நம்முடைய பாங்கு வேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலிய பெரியோர் முயன்று 1907-இல் இந்தியன் பாங்கைத் தொடங்கினார்கள்.

ஒரே ஸ்தாபனத்தோடு பெயர் பிணைக்கப்பட்ட இரண்டு ஐசுவரியங்கள் இவை. மேலும் மேலும் பெருக வேண்டும் என்று ஓடியது மற்றவர்களுடைய கஞ்சியையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டது. விட்டுக் கொடுக்கப்பட்டது இருநூறு ஆண்டுகளாகியும் தர்மமாக நிற்கிறது. டி மான்டி புனிதர் என்று நான் சொல்ல வரவில்லை; கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வியாபாரத்தில் சேர்ந்த செல்வத்தில் எவருடைய வியர்வை எவ்வளவு கலந்திருந்தது என்பதைக் கடவுளே அறிவார். ஆனால் கையை விரிக்க வேண்டிய வேளையில் அவர் விரித்தார். 2015-இல் அந்தக் காலனியின் பெயரால் ஒரு பேய்ப்படம் வந்தது முதல், டி மான்டி என்றால் பிள்ளைகள் பேய் என்றே நினைக்கிறார்கள். அவர்களை ஒருமுறை கோவளத்துக்கு அழைத்துவந்து அந்தக் கோயிலுக்குள் முழந்தாளிட வைக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

 கார்மேல் மாதா திருநாளுக்கு நாங்கள் வந்திருக்கும் சமயத்தில் ஆயாவின் வாயில் தோமையார் கதையும் அடிபடும். மயிலாப்பூரில் அடக்கமானவர் என்று நாம் போற்றும் அந்த அப்போஸ்தலரிடம், கொந்தபோரஸ் என்ற ராஜா தனக்கு ஒரு அரண்மனை கட்டித்தரும்படி ஏராளமான திரவியத்தை ஒப்புவித்தான். அவர் ஊர் ஊராய்ப் போய் அதை ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் வாரிக் கொடுத்துவிட்டார். ராஜா வந்து அரண்மனை எங்கே என்று கேட்க, அதை நீ இப்போது காண முடியாது, இந்த உலகத்தை விட்டுப் போனபின் காண்பாய் என்றார். கோபங்கொண்டு அவரைச் சிறையில் அடைத்தான். அந்த இரவு ராஜாவின் தம்பி இறந்து, மேலோகத்தில் ஒரு மகா அற்புதமான மாளிகையைக் கண்டு, இது உன் அண்ணனுக்குத் தோமையார் கட்டியது என்று தேவதூதர்கள் சொல்லக் கேட்டு, உயிர்த்து வந்து, அந்த வீட்டை எனக்கு விற்றுவிடு என்று அண்ணனிடம் கேட்டானாம். ஆயா இந்த இடத்தில் நிறுத்தி, "அவன் குடுப்பானா?" என்று எங்களைக் கேட்பாள். தோமையார் நடபடிகள் என்னும் பழைய நூலில் உள்ள இந்தக் கதை சரித்திரமா, பக்திக் கற்பனையா என்ற விசாரணை எனக்கு அவசியமாகத் தோன்றவில்லை. அந்த ராஜாவோ மெய்யான ராஜா. அவன் பெயர் பொறித்த நாணயங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடமேற்குப் பிரதேசத்தில் மண்ணுக்குள்ளிருந்து அகப்பட்டன. அவனுடைய பொக்கிஷத்தில் மண் திருப்பிக் கொடுத்தது அந்தச் செல்லாத காசுகளை மாத்திரமே.

என் சின்ன மாமா பட்டணத்தில் அச்சகத் தொழிலாளி. மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினர். 1833-இல் பாரீஸ் நகரத்தில் பிரெடெரிக் ஓசானம் என்ற இளம் மாணவரும் அவருடைய தோழர்களும் தொடங்கிய சபை அது. நான் கல்லூரியில் படிக்கையில் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் என்னையும் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். ஜெபம் முடிந்து, வாரத்தில் சந்தித்த குடும்பங்களின் நிலைமையைப் பேசி முடித்த பிறகு, கழுத்தில் கயிறு கோத்த ஒரு துணிப்பை கைமாறி வந்தது. ஒவ்வொருவரும் மூடின கையைப் பைக்குள் விட்டு, மூடின கையாகவே வெளியே எடுத்தார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. என்னிடம் வந்தபோது நான் தயங்கினேன். பையில் போட என்னிடம் பஸ் காசு தவிர வேறில்லை. மாமா காதருகே குனிந்து, "சும்மா கையை வுட்டு எடுடா. இங்க இல்லாதவனும் குடுக்கறவன்தான், வேணும்னா எடுத்துக்கவும் செய்யலாம், யாரும் பார்க்கமாட்டாங்க" என்றார். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்ற கட்டளைக்கு இவ்வளவு எளிமையான, இவ்வளவு கண்ணியமான ஓர் ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதன் பின் வீடுகளுக்குப் போகும்போதும் அப்படித்தான்: இருவர் இருவராகப் போக வேண்டும், அரிசியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பலாகாது, உள்ளே போய், அவர்கள் விரித்த பாயில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற தண்ணீரைக் குடித்து, பேசிவிட்டு வர வேண்டும்.

இதை நினைக்கும்போதெல்லாம் இக்காலத்து மேடைகளில் கேட்கிற சில பிரசங்கங்கள் என் நெஞ்சை வருத்துகின்றன. காணிக்கை என்பது விதை. நூறு போட்டால் ஆயிரமாய்க் கடவுள் திருப்பித் தருவார். தராவிட்டால் உன் விசுவாசத்தில் குறை என்று ஏழைகளைப் பார்த்துச் சொல்கிறார்கள். இது பேராசையைக் கண்டிக்க வந்த சுவிசேஷத்தைக் கொண்டே பேராசையை வளர்ப்பது, கடவுளை வட்டிக்கடைக்காரராக்குவது. தேவாலயத்தில் இரண்டு சிறு காசுகளைப் போட்ட விதவைக்கு அவை பெருகித் திரும்பி வந்தன என்று சுவிசேஷம் எங்கும் சொல்லவில்லை. நம் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. பெஞ்சிலும் விசிறியிலும் உபயம் என்று பெயர் எழுதுவதற்கும், தேர் விளக்குக்கு யார் குடும்பம் முந்துவது என்பதற்கும் நடக்கிற போட்டியில், அதே தெருவில் மருந்துக்கு வழியில்லாமல் படுத்திருப்பவரை மறந்துவிடுகிறோம். திருநாள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கஷ்டப்படுகிறவனுக்கு அந்த ஒரு இரவின் வெளிச்சமும் வேண்டும். முதலில் அவன் அடுப்பும் எரியட்டும் என்பதே என் பிரார்த்தனை.

ஆயா வயது முதிர்ந்து இறந்தாள். அவஸ்தைப்பூசுதல் பெற்ற அன்று, சாமியார் முன்னிலையில் சின்ன மாமாவைக் கூப்பிட்டு, தன்னுடைய சிவப்புக்கல் கம்மலை மூன்றாம் வீட்டுப் பெண்ணின் கலியாணத்துக்குக் கொடுத்துவிடும்படி சொல்லியிருந்தாள். அவர்கள் நம் வேதத்தார் அல்லர், உறவும் இல்லை. தாத்தா கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷத்தில், ஆயா கைக்குழந்தையோடு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, அந்த வீட்டுக் கிழவிதான் நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்து ஊற்றினாளாம்.

மூன்றாம் நாள் பூசை முடிந்ததும் வீட்டில் பேச்சு எழுந்தது. பொன் என்று ஆயாவிடம் இருந்தது அந்தக் கம்மல் ஒன்றுதான். "அதையும் ஊருக்குக் குடுத்துட்டா, பெத்த பொண்ணுங்களுக்கு என்னடா இருக்கு?" என்றார் பெரிய மாமா. அவர் சொன்னது நியாயமில்லாமலும் இல்லை. என் அம்மாவும் சித்தியும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன மாமா, "அண்ணே, அம்மா இதைத் தர்மம் பண்ணலே. வாங்குனதைத் திருப்புது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். துணைக்கு என்னை வரச் சொன்னார்.

அந்த வீட்டிலோ வாங்க மறுத்துவிட்டார்கள். பெண்ணின் தாய், கம்மல் இருந்த காகிதப் பொட்டலத்தைத் தொடாமலே, "எங்க மாமியா கணக்கு வெச்சுக்கிட்டா கஞ்சி ஊத்துனாங்க? அதுக்குப் போயி பவுன் வாங்கிக்கறதா?" என்று கண் கலங்கினாள். நெடுநேரம் பேச வேண்டியதாயிற்று. செத்தவள் சொல்லை மீறினால் அவள் ஆத்துமாவுக்குச் சமாதானம் இருக்காது என்று மாமா சொன்ன பிறகுதான் அந்தப் பெண் எழுந்து வந்து கையை நீட்டினாள்.

அன்றைக்கு இரவு அந்த வீட்டிலிருந்து ஒரு பெரிய சட்டி நிறைய மீன்குழம்பு வந்தது. எல்லோரும் சாப்பிட்டோம். மறுநாள் காலையில் சித்தி சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டபோது, வெறுஞ்சட்டியாகவா கொண்டுபோகிறாய் என்று அவளைத் தடுத்து நிறுத்திவிட்டு, பெரிய மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், அரிசியும் வெல்லமும் இரண்டு தேங்காயும் வாங்கி வந்தார்.